நீதிமன்றக் கடிதத்தில் உள்ள சொற்கள்

(பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பொன்விழா மேடையில் மணவிலக்கைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். நாங்களும் தயங்கினோம். ஆனால் எங்களால் நடந்த ஒரு தவற்றைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பாசிர் கூடாங் சகோதரி ஒருவர் ஒரு கடிதத்தோடு எங்கள் கடைக்கு வந்தார். தலாக் முடிந்து, பிள்ளைகளின் செலவுக்காக ஷரியா நீதிமன்றத்தில் மனு கொடுத்திருந்தார். மலாய் பேசுவார், எழுத்து அவ்வளவாகப் புரியாது. "தம்பி, என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். 'மஜ்லிஸ் சுல்ஹ்' என்று இருந்தது. சுல்ஹ் என்றால் சமாதானம் என்று மதரஸாவில் ஓதிய நினைப்பில், "சமாதானம் பேசக் கூப்பிடுறாங்க அக்கா, திரும்பவும் சேர்த்து வைக்கப் பார்ப்பாங்க போல" என்று சொல்லிவிட்டோம். அடி உதை பட்டு வெளியே வந்தவர் அவர். பயந்துபோய் அன்று போகவே இல்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டோம். சுல்ஹ் அமர்வு என்பது, விசாரணைக்கு முன் சுல்ஹ் அதிகாரி இரு தரப்பையும் உட்கார வைத்து, செலவு, பிள்ளைகள், சொத்து ஆகியவற்றில் உடன்பாடு காண முயலும் இடம். ஒத்துப்போனால் அது நீதிமன்ற உத்தரவாகவே பதிவாகும். சீக்கிரம் முடிந்திருக்கக்கூடிய காரியம் பல மாதம் இழுத்தது. அந்த மாதங்களில் பள்ளிச் செலவுக்கு அவர் நகையை அடகு வைத்தார். எங்கள் ஒரு சொல்லின் விலை அது.

நாங்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து வியாபாரத்துக்கு வந்தவர்கள், வழக்கறிஞர்கள் அல்ல. அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறோம்.

ஜொகூரில் நமக்குப் பொருந்துவது மாநிலத்தின் 2003ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டமும் சிவில் நீதிமன்றமும். தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு இந்தியச் சட்டம். மூன்றையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம்.

முதலில் தலாக். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது. ஊரிலிருந்து போனில் அதைக் கேட்டுவிட்டு, "வாட்ஸ்அப்பில் சொன்னது கணக்கில்லை" என்று இங்கே இருந்துவிடக் கூடாது. இங்கே நீதிமன்ற அனுமதி இல்லாமல் தலாக் சொல்வது குற்றம். ஆனாலும் அந்தத் தலாக் நிகழ்ந்ததா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். ஏழு நாளுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும்.

அடுத்து, மனைவி கேட்கும் வழிகள். 'தக்லிக்' என்பது நிக்காஹ் அன்று கணவர் வாசித்துக் கையெழுத்திடும் வாக்குறுதி. அதை மீறினால் மனைவி முறையிடலாம். 'பஸ்கு' என்பது, செலவுக்குத் தராமல் விடுதல், கொடுமை போன்ற காரணங்களை நிரூபித்து நீதிபதி மூலம் நிக்காஹை முறிப்பது. நாம் குலா என்று சொல்வதுதான் 'தெபுஸ் தலாக்'. மனைவி ஒரு தொகை கொடுத்து விலகுவது. இந்த வேறுபாடு தெரியாமல், கொடுமைப்பட்ட பெண்ணும் பணம் கொடுத்துத்தான் விடுதலை பெறவேண்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

'முத்ஆ' என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பெரியவர், "அது ஹராம் ஆச்சே!" என்று கோபப்பட்டார். அவர் நினைத்தது தற்காலிகத் திருமணத்தை. கடிதத்தில் உள்ள முத்ஆ, தலாக் பெற்ற மனைவிக்குக் கணவர் கொடுக்கவேண்டிய ஆறுதல் தொகை. பகரா சூராவின் 241ஆம் வசனம் இதைப் பற்றியதே. 'நஃபகா இத்தா' என்பது இத்தா காலச் செலவு. சினிமாவில் கேட்கும் ஜீவனாம்சம் போல இவை ஆயுளுக்கும் மாதாமாதம் வருவதில்லை. ஆகவே உரிய நேரத்தில் கேட்க வேண்டும். பிள்ளைகளின் நஃபகா தனி. பொதுவாக 18 வயது வரை, மேற்படிப்பு இருந்தால் நீட்டிக்கவும் கேட்கலாம்.

'ஹதானா' என்பது பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமை. சிறு வயதில் அதில் தாய்க்கே முதலிடம். பிள்ளை தாயிடம் இருப்பதால் தந்தையின் செலவுக் கடமை தீர்ந்துவிடாது. மகளின் நிக்காஹுக்கு அவரே வலி.

கடைசியாக, நம் போன்ற வியாபாரிகள் கவனிக்கவேண்டியது 'ஹர்த்தா செபென்சாரியான்'. மணவாழ்க்கையில் சேர்ந்து தேடிய சொத்து. கடை உரிமம் கணவர் பெயரில் இருக்கும். மனைவியோ காலையில் மசாலா பொட்டலம் கட்டி, மதியம் சமைத்து, மாலையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அந்த உழைப்பையும், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். "உன் பெயரில் ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.

பெரியோர்களே, வீடு நன்றாக இருக்கும்போதே இச்சொற்களைத் தெரிந்துகொள்வோம். நிக்காஹுக்கு முன் தக்லிக்கின் பொருளை மணமகனுக்கும் மணமகளுக்கும் தமிழில் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களைப் போல் அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் கேட்டு முடிவு எடுக்காதீர்கள். வசதி குறைந்தவர்களுக்கு ஷரியா வழக்குகளிலும் உதவும் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகம், பந்துவான் குவாமான், ஜொகூர் பாருவில் இருக்கிறது. தயங்காமல் போங்கள்.

அந்த அக்கா இன்றும் எங்கள் கடைக்குத்தான் சாமான் வாங்க வருகிறார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் இன்று இங்கே நின்று சொல்கிறோம்.

நம் குடும்பங்களில் அல்லாஹ் அன்பையும் நீதியையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.