கன்னிவேட்டை



விருதுநகர் மாவட்டத்தில் வில்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் ஒன்று உண்டு. அது திருவில்லிபுத்தூர். அவ்வூர்க்குப் பெயர் வந்த வகையைக் கோயிற்கதை இவ்வாறு கூறுகின்றது. மல்லிநாட்டை ஆண்ட மல்லி என்பாட்கு வில்லி, கண்டன் என மக்கள் இருவர். இருவரும் காட்டிற்கு வேட்டை மேற்சென்ற ஒரு நாளில் கண்டனைப் புலி கொன்றது. உடன்பிறந்தானைத் தேடிக் காடெல்லாம் அலைந்த வில்லி, பின்னர் அக்காட்டைத் திருத்தி ஊராக்கினான். அதுவே வில்லிபுத்தூர் ஆயிற்று. இது கதையே, கல்வெட்டுச் சான்றன்று. எனினும் மக்கள் இக்கதையை ஏன் இத்துணைக் காலம் காத்து வந்தனர் என்பது எண்ணத்தக்கது. ஊர்க்குப் பெயர் ஈந்தவன் புலியைக் கொன்று மார்தட்டியவன் அல்லன். வேட்டையில் உடன்பிறப்பை இழந்தவன். வில் எடுத்தவன் இழப்பையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அக்கதையின் உள்ளீடு.

இன்று இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள் கன்னிவேட்டை. ஒருவன் முதன்முதலாக அவையில் பேசுவது கன்னிப்பேச்சு. முதன்முதலாக ஒன்றைச் செய்ய முனைவது கன்னிமுயற்சி. அவ்வாறே வில் பயின்ற இளைஞன் ஒருவன் முதன்முதலாகக் காடு புகுந்து செய்யும் வேட்டை கன்னிவேட்டை. ஒரு செயற்குத் தனிப்பெயர் இருக்குமாயின், அச்செயற்கு ஒரு முறையும் இருந்தது என்பது பொருள். அம்முறை யாது? அதில் வெற்றி என்று தமிழர் எதனைக் கொண்டனர்? இவ்விரண்டுமே ஈண்டு ஆராயத் தக்கவை.

முதற்கண், வில் இம்மண்ணிற்குப் புதியதன்று. இன்று வெடித்தொழிற்கூடங்கள் நிறைந்திருக்கும் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழக அரசின் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கியது. ஆங்குக் கிடைத்தவற்றுள் நுண்கற்கருவிகளும் உள. விரல்நுனி அளவேயான அத்தகைய கற்சில்லுகளை மரத்தண்டிலோ எலும்பிலோ பதித்து அம்புமுனையாகவும் அலகாகவும் பழங்கால மாந்தர் பயன்கொண்டனர் என்பது உலகெங்கும் தொல்லியலார் கண்ட உண்மை. மருந்து இடிக்கும் ஒலி கேட்பதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே, வைப்பாற்றங்கரையில் கல்லைச் செதுக்கும் ஒலி கேட்டிருந்தது!

கருவி மறைந்தாலும் சொல் மறையவில்லை. எய்தல் என்பது அம்பு விடுதல். எய்பவர் எயினர். முள்ளை உடல்முழுதும் அம்பெனத் தாங்கிய முள்ளம்பன்றி எய்ம்மான். ஏ என்னும் ஓரெழுத்தே அம்பைக் குறிக்கும். அம்பு, கணை, கோல், பகழி என வேறு பெயர்களும் உள. சிவகாசியில் செய்து வானில் விடும் வாணம் என்னும் சொல்லோ அம்பைக் குறிக்கும் பாணம் என்ற வடசொல்லின் வழிப்பட்டது. ஆயின், வானைப் பிளந்து செல்லும் இற்றைநாட் படைக்கருவிக்குத் தமிழர் பெயர் தேடியபோது வேற்றுச்சொல்லை நாடவில்லை, ஏவுகணை என்றனர். வேட்டுவன் கையிலிருந்த கணை அறிவியலார் கைக்கு வந்து சேர்ந்தது. சொல்லைப் பேணியவர்க்குச் சொல் உற்றுழி உதவும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, வில் பயிலும் சிறுவனைக் காண்போர் புறநானூற்றின் 324ஆம் பாட்டைக் காண்க. ஆலத்தூர் கிழார் பாடியது அது. வேட்டுவர் வீட்டுச் சிறுவர், சிறிய இலைகளையுடைய உடைமரத்தின் வெண்முள்ளை எடுத்து, ஊகம்புல்லின் மெல்லிய தண்டிற் செருகி அம்பாக்குகின்றனர். வளாரை வளைத்து வில்லாக்குகின்றனர். பருத்திச் செடியை வேலியாகவுடைய புன்செய்ப் புறத்தே எலியை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனர். உடைமரமும், பருத்தியும், புன்செய் நிலமும் விருதுநகர்ப் பக்கத்தார்க்கு யாரும் சொல்லிக் காட்ட வேண்டுவன அல்ல. சாத்தூர்க் காட்டிலும் அருப்புக்கோட்டைக் காட்டிலும் நின்று பார்ப்பவர்க்கு அப்பாட்டு ஈராயிரம் ஆண்டு முதுமையதாகத் தோன்றாது. நேற்றுப் பார்த்த காட்சியாகவே தோன்றும்.

அச்சிறுவர் செய்வதை விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது. முள்ளைத் தேர்தல், தண்டின் நேர்மை பார்த்தல், வளாரின் வளைவு அறிதல், மூச்சடக்கிக் காத்திருத்தல் என்னும் நான்கும் அதனுள் அடங்கியுள. காத்திருக்கக் கற்றவனே எய்யக் கற்றவன். கற்றல் எலியில் தொடங்குகின்றது, யானையில் தொடங்கவில்லை.

அச்சிறுவன் வளர்ந்து இளைஞனாகிக் காடு புகும் நாளைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில், பெரியபுராணத்துள், கண்ணப்பர் வரலாற்றில் விரிவாகப் பாடினார். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேட்டுவர் தலைவன் நாகன். அவன் மனைவி தத்தை. நெடுநாள் மகப்பேறின்றி இருந்து பெற்ற மகனைத் தந்தை கையில் எடுத்தபோது திண்ணென்று இருந்தமையால் திண்ணன் எனப் பெயரிட்டனர். உரிய காலத்தில் ஊரைக் கூட்டி விழாவெடுத்து அவன் கையில் வில்லைக் கொடுத்தனர். வில்லைக் கொடுத்த மறுநாளே காட்டிற்கு விடவில்லை. படைக்கலத் தொழில் முழுதும் பயின்று, 16 ஆண்டு நிரம்பிய பின்னரே அவன்பால் தலைமை வந்தது.

அதுவும் அவன் கேட்டு வந்ததன்று. நாகன் முதுமையுற்றான், முன்போல் வேட்டையாட இயலவில்லை. காட்டில் பன்றியும் பிறவும் பெருகிப் புனங்களை அழித்தன. குடிகள் வந்து முறையிட்டனர். அப்போதுதான் நாகன் தன் மகனை அழைத்தான். முதுமகளாகிய தேவராட்டியை வருவித்துக் காடுறை தெய்வத்திற்குப் படையலிடச் செய்தான். உடைதோலும் சுரிகை என்னும் குறுவாளும் மகனுக்குத் தந்து தலைமையை ஒப்படைத்தான். ஆகலின் கன்னிவேட்டை ஒருவனின் தனி மகிழ்ச்சிக்காக எழுந்ததன்று. குடிகளின் துன்பம் நீக்கும் பொறுப்பை ஒரு தலைமுறை மறு தலைமுறைக்குக் கைம்மாற்றித் தந்த நாளே அது.

விடியலில் வேட்டுவர் புறப்பட்டனர். வலைகள் சென்றன, நாய்கள் சென்றன. இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தம் பெயரையே வேட்டைநாய் இனங்கட்கு ஈந்த ஊர்கள் ஆதலின், அந்நாய்களின் பாய்ச்சலை இப்பகுதி மக்கட்கு விரித்துரைத்தல் வேண்டா. காட்டைச் சூழ வலை கட்டினர். பறை முழக்கி விலங்குகளை எழுப்பினர். அம்புகள் பறந்தன. விலங்குகள் வீழ்ந்தன.

பெருமக்களே! இவ்விடத்தில்தான் சேக்கிழார் ஒரு செய்தியை நிறுத்திச் சொல்கின்றார். அவ்வளவு ஆரவாரத்திலும் அவ்வேட்டுவர் சிலவற்றைத் தொடவில்லை. யானைக் கன்றுகளைப் பின்தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. கருவுற்று நடைதளர்ந்த பிணைமான்களை வருத்தவில்லை. எழுதிவைத்த சட்டம் அங்கில்லை. காவலர் இல்லை, தண்டம் இல்லை. படிப்பறியாக் காட்டுமக்கள் என்று நகரத்தார் எண்ணிய எயினரின் உள்ளத்தில் அவ்வரம்பு இருந்தது. எதனை எய்வது என்பது கைத்திறம். எதனை எய்யாது விடுவது என்பது அறம். கைத்திறம் மட்டும் உடையவன் கொலைஞன். இரண்டும் உடையவனே வேட்டுவன்.

பின்னர் நிகழ்ந்ததும் நோக்கத்தக்கது. பெரும்பன்றி ஒன்று வலையறுத்து ஓடியது. திண்ணன் அதனைத் தொடர்ந்தான். அவனோடு ஓட வல்லார் நாணன், காடன் என்னும் இருவரே. நெடுந்தொலைவு ஓடிக் களைத்த பன்றி ஒரு மரநிழலிற் சினந்து நின்றது. திண்ணன் கையில் வில்லும் கணையும் இருந்தன. நின்ற விலங்கைத் தொலைவில் நின்றே எய்து வீழ்த்தியிருக்கலாம். அவன் அவ்வாறு கருதவில்லை. விரைந்து அணுகிச் சுரிகையை உருவிப் பன்றியை இரு துண்டாக்கினான். வில்லுக்கென்று விழாக் கண்ட இளைஞனின் முதல் வெற்றி வில்லால் நிகழவில்லை! களைத்து நின்ற பகையைச் சேய்மையிலிருந்து கொல்லுதல் எளிது. அவனோ எளிதானதை விட்டு, தன் உடலையும் இடருக்கு உட்படுத்தி அரியதைச் செய்தான்.

பன்றியைச் சுட்டுண்ணப் பொன்முகலி ஆற்றங்கரையில் காடன் தீக்கடைகோலால் தீ உண்டாக்கினான். பெட்டியிலிருந்து குச்சியை எடுத்து உரசிய நொடியில் தீப் பெறும் வாழ்வு மாந்தர்க்கு அண்மையில் வாய்த்ததே. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923இல். திண்ணனோ தீயருகே அமரவில்லை. ஆற்றுக்கு அப்பால் தெரிந்த காளத்திமலை அவனை ஈர்த்தது. அன்று மலையேறியவன் வீடு திரும்பவில்லை. தேடி வந்த தந்தையாலும் அவனை மீட்க இயலவில்லை. குடிகளின் துன்பம் நீக்க மகனை அனுப்பிய நாகன் மகனையே இழந்தான். வில்லி உடன்பிறந்தானை இழந்தான். நாகன் மகனை இழந்தான். தமிழ் கூறும் வேட்டைக் கதைகள் வெற்றிக்குரிய விலையையும் மறைக்காது கூறுகின்றன.

இவையெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன பயன் என்று வினவுவார் உளர். பயன் உண்டு. 1972ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ந்தன. இந்திய அரசு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி வேட்டையைத் தடுத்தது. அவ்வாண்டிலேயே, 1920க்குப் பின் விடுபட்டிருந்த வில்வித்தைப் போட்டி, மியூனிக் ஒலிம்பிக்கில் மீண்டும் இடம்பெற்றது. வில் காட்டைவிட்டு ஆடுகளத்திற்கு வந்தது. திருவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இல் சாம்பல்நிற மலையணிலின் புகலிடம் ஆயிற்று. மேகமலையோடு இணைந்து 2021இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. கண்டனைக் கொன்றதாகக் கதை சொல்லும் புலிக்கு, வில்லியின் ஊர்ப்பெயராலேயே இன்று காப்பிடம்! இன்று அக்காட்டிற்குள் வில்லேந்திப் புகுதல் குற்றம். அது முறையே.

ஆயின் உடுப்பூர்க் குடிகளின் முறையீடு இன்னும் ஓயவில்லை. மலையடிவாரத்து உழவர் மக்காச்சோளமும் கடலையும் பன்றிக்குத் தோற்கின்றனர். அவர் கண்ணீர் பொய்யன்று. 2025 சனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிற்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைக் காட்டுத்துறையினரே சுடுவதற்கு வழி வகுத்தது. முறையீட்டிற்கு முறையான விடை தேடுவதே நேர்வழி.

நேரல்லாத வழியும் ஒன்று உண்டு. தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பது அது. அவுட்டுக்காய் என்பர். 2020 மே 27ஆம் நாள், கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், வெடி பொதிந்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த யானை ஒன்று வெள்ளியாற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. அது கருவுற்றிருந்தது. பன்றிக்கென வைத்த வெடி என்பது ஆய்ந்தோர் கூற்று. வைத்தவன் அதனைக் குறிபார்க்கவில்லை. அதுவே குற்றத்தின் வேர். வெடிக்குக் கண் இல்லை. அது குருளை என்றும் அறியாது, கரு என்றும் அறியாது. கருவுற்ற பிணையைக் கண்டு கணையைத் தாழ்த்திய எயினன் எங்கே? வெடியை வைத்துவிட்டு வீட்டிற் சென்று உறங்கியவன் எங்கே?

வெடிமருந்தின் இயல்பைச் சிவகாசி மக்களினும் நன்கறிந்தார் இலர். ஒரு சிறு உராய்வு எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைக்கும் என்பதை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டா. மருந்து மகிழ்ச்சிக்கென வானத்திற் பூக்கலாம். ஓர் உயிரின் வாய்க்குள் வெடித்தல் ஆகாது. இதனை உரத்துச் சொல்லும் உரிமையும் கடமையும் மருந்தோடு வாழும் இம்மண்ணிற்கே முதற்கண் உண்டு.

இளைஞரே! இனி உமக்கு வேட்டை இல்லை. ஆயினும் கன்னிவேட்டை உண்டு. முதன்முதலாக ஒரு கருவியும் அதனோடு ஒரு பொறுப்பும் உம் கைக்கு வரும் நாள் எதுவோ, அதுவே உம் கன்னிவேட்டை. அந்நாளில் எத்தனை வீழ்த்தினீர் என்று உலகம் வினவும். எதனை வீழ்த்தாது விட்டீர் என்று தமிழ் வினவும். அவ்வினாவிற்கு விடை கூறத்தக்க கையோடும் நெஞ்சோடும் வளர்வீராக!