ஏட்டுச் சுரைக்காயும் ஏரி மீனும்



ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். புத்தகத்தைப் படித்துத் தூண்டில் போடப் பழகலாம் என்று சொன்னால், ஈயக்குட்டை ஓரத்தில் வளர்ந்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் டிரவுட் மீன் பிடிக்க விரும்புகிறவர்களில் பலர் முதலில் போய் நிற்பது ஆற்றங்கரையில் அல்ல, புத்தகக் கடையில்.

அங்கே இது பழைய பழக்கம். 1496ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலிலேயே பன்னிரண்டு செயற்கைப் பூச்சிகளைக் கட்டும் முறை இருக்கிறது. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் 1653ல் வந்தது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்லஸ் காட்டன் என்பவர் பூச்சித் தூண்டிலுக்கென்றே தனிப் பகுதி எழுதிச் சேர்த்தார்.

பூச்சித் தூண்டில் என்றால் என்ன? மண்புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் இறகும் உரோமமும் சுற்றிப் பூச்சி போலக் கட்டியிருப்பார்கள். அதற்கு எடையே இல்லை. ஆகவே வீசப்படுவது பூச்சி அல்ல, கனமான நூல்தான். கோலைப் பின்னே கொண்டுபோய், நூல் முதுகுக்குப் பின்னால் முழுதும் விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகே முன்னே வீச வேண்டும். புத்தகங்கள் கடிகாரப் படம் போட்டு, கோல் எந்த மணியில் நிற்க வேண்டும் என்று காட்டுகின்றன. அந்த ஒரு கணத்தை மட்டும் எந்தப் படமும் கைக்குக் கற்றுத் தந்ததில்லை. அவசரப்பட்டால் முள் புல்லில் மாட்டும், அல்லது சொந்தக் காதில் மாட்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பழைய நூல்களில் புகழ்பெற்றவை பெரும்பாலும் ஆற்றுக்காக எழுதப்பட்டவை. 1886ல் ஹால்ஃபோர்டு எழுதியதும், 1910ல் ஸ்கூஸ் எழுதியதும் தெற்கு இங்கிலாந்தின் தெளிந்த ஓடைகளைப் பற்றியவை. ஓடையில் மீன் ஓரிடத்தில் நிற்கும். நீரோட்டம் இரையை அதன் வாய்க்குக் கொண்டுவரும். ஏரியில் நீரோட்டம் இல்லை. மீன்தான் இரையைத் தேடி அலைய வேண்டும். ஆற்று நூலை மனப்பாடம் செய்தவர் ஏரியில் நீர்வளையம் கண்ட இடத்திலேயே மீண்டும் மீண்டும் வீசிக் கொண்டிருப்பார். மீன் அதற்குள் எங்கோ போயிருக்கும். இது அவருடைய குறையல்ல, படித்த நூலின் குறை.

1952ல் டி. சி. ஐவன்ஸ் அசையா நீருக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஏரியில் தூண்டில் போடுகிறவர்கள் அதை ஆவலோடு படித்தார்கள். ஆனாலும் அது முக்கியமாக, மீன் வளர்த்துவிடப்பட்ட நீர்த்தேக்கங்களைப் பற்றியது. அயர்லாந்தின் கோரிப், மாஸ்க் போன்ற பெரிய ஏரிகளில் இருப்பவை காட்டு டிரவுட். குளிர்காலத்தில் சிற்றோடைகளில் ஏறி முட்டையிட்டு, அங்கே பிறந்து, ஏரிக்கு வந்து வளர்பவை. யாரும் தீனி போட்டுப் பழக்கியவை அல்ல.

அந்த ஏரிகளில் படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி மிதக்க விடுவார்கள். கரையோரப் பாறைத்திட்டுகளின் மேலே, வெளிச்சம் அடிவரை இறங்கும் ஆழமற்ற நீரின் மீது படகு நகரும். அங்கேதான் இரை அதிகம். மேற்பரப்பில் மேயும் மீன் பெரும்பாலும் காற்றை எதிர்த்து வரும் என்பதால், பூச்சியைப் படகுக்கு முன்னால் வீசுவார்கள். நல்ல ஏரி நூல் சொல்லித் தருவது இதைத்தான்: எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது. நூலின் பயனும் அங்கேதான் இருக்கிறது. வீசும் கையை அனுபவஸ்தர் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்திக்கொள்ளட்டும்.

மே மாதத்தில் அங்கே மேஃபிளை என்ற பூச்சி வெளிவரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஏரிச் சேற்றில் புழுவாகக் கிடந்து, சிறகு முளைத்து, ஒன்றும் உண்ணாமல் சில நாளில் மடிந்து போகும். நம் ஈசலைப் போலத்தான். அந்தச் சமயம் கற்றுக்குட்டிக்கும் மீன் கிடைக்கும் என்று அந்த ஊரில் கேலி உண்டு. மற்ற மாதங்களில்தான் படித்தவரின் படிப்பு தெரியும்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. உணவுக்கென எடுத்துக்கொண்ட மீனின் தொண்டை வழியே நீண்ட, ஒடுக்கமான கரண்டியை விட்டு, வயிற்றில் உள்ளதை எடுத்து, நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பார்கள். கடிக்காத கொசுவின் கூட்டுப்புழுவா, நத்தையா, நன்னீர் இறாலா? புத்தகத்தின் வண்ணப்படத்தோடு ஒப்பிட்டு, அடுத்த பூச்சியை அதற்கேற்பக் கட்டுவார்கள்.

ஆனால் தட்டில் ஏதாவது இருக்க வேண்டுமே! அயர்லாந்தின் ஷீலின் ஏரியில் 1970களில் பன்றிப் பண்ணைக் கழிவு கலந்து நீர் கெட்டது. பேர்போன மீன்பிடிப்பு சீர்குலைந்தது. எவ்வளவு நல்ல புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாலும், அந்த நாட்களில் படகில் உட்கார்ந்தவர் பச்சைத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.