அட்சதையும் சாட்சியும்



திருமணப் பந்தலில் கெட்டிமேளம் முழங்கியவுடன் நம் கைகள் தாமாகவே உயர்கின்றன. மஞ்சள் அரிசி மணமக்கள் மீது பொழிகின்றது. சிறு வயது முதல் செய்து வரும் செயலாகையால் அதன் பொருள் யாதென்று நாம் வினவுவதில்லை. இன்று சற்றே வினவுவோம்.

அட்சதை என்னும் சொல்லுக்குச் சிதைவுபடாதது என்று பொருள். ஆகவேதான் முனை முறியாத பச்சரிசியைப் பொறுக்கி எடுத்து, மஞ்சள் தூளுடன் சில துளி நீரோ நெய்யோ சேர்த்துப் பிசறி வைக்கின்றனர். முறத்தில் ஒரு குருணை கிடந்தாலும் நம் பாட்டிமார் பொறுக்கமாட்டார்கள். அரிசியோடு அறுகம்புல்லையும் சேர்த்து அறுகரிசி என வழங்குவோரும் உண்டு.

இவ்வழக்கத்தின் வேர் மிக ஆழமானது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு திருமணக் காட்சி வருகின்றது. மக்களைப் பெற்ற மங்கையர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அவளுடைய கூந்தலில் மலரிதழ்களும் நெல்மணிகளும் தங்கி விளங்குகின்றன. அப்பாடலில் வேள்வித் தீ இல்லை. தாலியைப் பற்றிய பேச்சும் இல்லை. நெல் மட்டும் இருக்கின்றது!

நம் மலாய்ச் சகோதரர்களும் தங்கள் திருமணங்களில் 'பெராஸ் குஞிட்' எனப்படும் மஞ்சள் அரிசியைத் தூவி, பன்னீர் தெளித்து வாழ்த்துகின்றனர். மேலைநாட்டினரும் அரிசி தூவியவர்களே. சிந்திய அரிசியைத் தின்னும் பறவைகள் வயிறு வெடித்து இறக்கும் என்று அங்கே ஒரு பேச்சுப் பரவி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1985ஆம் ஆண்டு அதனைத் தடை செய்ய மசோதாவே கொண்டு வந்தார்கள். செகிஞ்சான் வயல்களில் குருவி விரட்டியவர்களிடம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்.

நிற்க. தாலி கட்டுவதற்கு முன்னர் மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றி வருகின்றதல்லவா? ஒவ்வொருவரும் மாங்கல்யத்தைத் தொட்டு வணங்கி, ஒரு பிடி அட்சதையை எடுத்துக் கொள்கின்றனர். அத்தட்டு ஊராரின் ஒப்புதலைக் கேட்டு வருகின்றது என்பதே நம் கருத்து. அட்சதை தூவியவர் அத்திருமணத்திற்குச் சாட்சியாகின்றார். பின்வரிசையில் அமர்ந்தபடியே வீசி, முன்வரிசைக்காரரின் தலையில் அரிசியைக் கொட்டுவது வாழ்த்தும் ஆகாது, சாட்சியும் ஆகாது. எழுந்து சென்று மணமக்களின் தலையில் இடுவதே முறை.

தோட்டத்தில் இந்தச் சாட்சிக்கு மிகுந்த வலிமை இருந்தது. பால் வெட்டிப் பிழைத்த நாம் நெல் விளைவித்தவர்கள் அல்லர். கடையில் அளந்து வாங்கிய அரிசியே நம் அட்சதை. ஜப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1942 முதல் 1945 வரை மரவள்ளிக் கிழங்கே உணவாயிருந்த வீடுகளில் ஒரு பிடி அரிசியின் மதிப்பு என்ன என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அரிசியைத் தலையில் இட்ட அண்டை வீட்டாரும் கங்காணியும் கோயில் பூசாரியும், 'இவர்கள் கணவன் மனைவியர்' என்று எவர் கேட்டாலும் சொல்ல அருகிலேயே இருந்தனர்.

இன்று மாடிக் கட்டடங்களும் கடைத்தொகுதிகளும் நிறைந்த சுபாங் ஜெயாவைப் பாருங்கள். அது முன்னர் சீபீல்ட் தோட்டம். 1970களில் நகரமாக்கும் பணி தொடங்கியது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மாநகர் என்னும் தகுதியும் கிட்டியது. மரங்கள் போயின, லயங்கள் போயின. ஒரு தோட்டம் கலையும்போது மக்கள் திசைக்கொருவராய்ப் பிரிகின்றனர். கோயில் வாசலில் அட்சதை தூவிய கைகளைப் பிறகு எங்கே தேடுவது? கணவரை இழந்த ஒரு தாய் சேமநிதிப் பணத்திற்கோ சொக்சோ உதவிக்கோ சென்று நிற்கும்போது, முகப்பில் இருக்கும் அலுவலர் கேட்பது திருமணச் சான்றிதழை. சிதறிய அரிசியை அவரிடம் காட்ட இயலாது.

1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கு முன்னர் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களைப் பதிவானவையாகவே சட்டம் ஏற்றுக்கொண்டது. பின்னர் மணந்தோருக்கு அச்சலுகை இல்லை. தாலி கட்டியாயிற்று, ஊரே அட்சதை தூவியது, இனிப் பதிவு எதற்கு என்று இருந்துவிட்ட தம்பதியர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயரை எழுத வேண்டிய நாளில்தான் அவர்கள் விழித்துக் கொள்கின்றனர்.

முகூர்த்தம் குறித்தவுடனே தேசியப் பதிவு இலாகாவில் மனுச் செய்து விடுங்கள். திருமண அறிவிப்பு 21 நாட்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆகவே அழைப்பிதழ் அச்சிடும் வேளையில் ஓடுவது பயன் தராது. கோயிலிலேயே பதிவு செய்து கொள்ள விரும்புவோர், அங்கு உதவிப் பதிவாளர் உண்டா என முன்கூட்டியே கேட்டறியலாம். கையொப்பமிட இரண்டு சாட்சிகள் வேண்டும். முதலில் அட்சதை இடும் தாய்மாமனும் அத்தையும் அந்த இருவராக அமைந்தால் மிகவும் பொருத்தம்.