முதல் கப்பல் பயணத்திற்கான ஆயத்தங்கள்

2022ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று கார்டெலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலைத் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிவைத்ததிலிருந்து, விடுமுறைக்காகக் கடலேறுவது சென்னை நகரத்தின் நடுத்தரக் குடும்பங்களும் எண்ணிப் பார்க்கும் ஒன்றாகியுள்ளது. அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் அதே துறைமுகத்தில் பன்னாட்டுச் சுற்றுலாக் கப்பல் முனையத்தைத் திறந்துவைக்க, அன்றே அக்கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டது. சுற்றுலாக் கப்பல் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஆட்களைக் கொண்டுசேர்க்கும் கப்பலன்று. தங்கும் அறை, உணவு, கேளிக்கை யாவும் அதனுள்ளேயே அமைந்து, பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்திற்கே திரும்பிவரும் மிதக்கும் விடுதி அது. இதே சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ அறுபது மணி நேரம் ஓடும் அரசுக் கப்பல்கள் போக்குவரத்துக்கானவை. அவற்றின் ஏற்பாடுகளும் வசதிகளும் முற்றிலும் வேறானவை.

கடற்பயணம் சென்னைத் தமிழருக்குப் புதியதன்று. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலும், அதன்பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலும் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்திருந்த காலத்தில், மேல்தளப் பயணிகள் பாய், தலையணை, இரும்புப் பெட்டி என ஒரு சிறு குடித்தனத்தையே உடன் கொண்டுசென்றனர். இன்றைய சுற்றுலாக் கப்பலில் படுக்கையும் துவாலையும் சோப்பும் அறையிலேயே கிடைத்துவிடுவதால், பயணியின் உழைப்பு பெட்டியை நிரப்புவதைவிட, ஆவணத்தையும் மருந்தையும் நேரத்தையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்துவதில்தான் செலவாக வேண்டும். கரையை விட்டகன்ற பின், வீட்டில் மறந்துவைத்த ஒன்றை எடுத்துவர வழியில்லை.

ஆவணங்களில் முதலாவது அடையாளச் சான்று. விசாகப்பட்டினம் போன்ற உள்நாட்டுத் துறைமுகத்திற்குச் செல்லும் பயணத்தில் இந்தியக் குடிமக்களுக்கு அரசு வழங்கிய அடையாள அட்டையே போதும். இலங்கைக்குச் செல்வோருக்கோ கடவுச்சீட்டு, அதாவது பாஸ்போர்ட், கட்டாயம் என்பதோடு, அந்நாட்டின் நுழைவு அனுமதியையும் புறப்படுமுன் இணையவழியே பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கடவுச்சீட்டு பயணத் தேதிக்குப் பின்னும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகள் பின்பற்றும் விதி. தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பெயரும் முன்னெழுத்தும் ஆகும். ஆதாரில் ஒற்றை எழுத்தாக நிற்கும் தலைப்பெழுத்து, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயராக விரிந்து, சில வேளைகளில் குடும்பப் பெயருக்கான இடத்திலும், சில வேளைகளில் தன் பெயரோடு சேர்ந்தும் அச்சாகியிருக்கும்; திருமணத்திற்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்த பெண்களின் ஆவணங்களில் இவ்வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தென்படுகிறது. பயணச்சீட்டைப் பதிவுசெய்யும்போது, அழைக்கும் பெயரை விடுத்து, எந்த ஆவணத்தைத் துறைமுகத்தில் காட்டப்போகிறோமோ அதிலுள்ளவாறே எழுத்துக்கெழுத்துப் பதிவது, முனையத்தின் சோதனை மேடையில் நேரும் வீண் பதற்றத்தைத் தவிர்க்கும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் காணப்படும் தொகை பொதுவாக ஓரறையை இருவர் பகிர்வதாகக் கொண்டு ஒருவருக்குக் கணக்கிடப்பட்டது. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான அன்பளிப்பு ஆகியவை அதற்கு மேல் சேரும். சன்னலற்ற உள்ளறை மலிவானது; கடலைப் பார்க்கும் அறையும், மாடத்துடன் கூடிய அறையும் படிப்படியாக விலை ஏறுபவை. அலை ஆட்டத்திற்கு அஞ்சுவோர், விலையைவிட இருப்பிடத்தைக் கருதி, கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தை ஒட்டிய அறையைக் கேட்டுப் பெறுவது நல்லது. சீசா பலகையின் நடுவைவிட நுனி கூடுதலாக ஏறியிறங்குவதைப் போலவே, கப்பலின் முனைகளும் மேல்தளங்களும் மிகுதியாக அசைகின்றன. பருவமும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக் கடல் கொந்தளிக்கும் ஜூன் முதலான மாதங்களில்தான் மும்பையைத் தளமாகக் கொண்ட கப்பல் சென்னைக்கு வந்து ஓடியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலமோ வங்கக் கடலின் புயற்பருவம்.

அறிவிக்கப்பட்ட வழித்தடம் மாறக்கூடும் என்பதையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 ஜூனில் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காததால், அங்கே இறங்கலாம் என்று சென்ற பயணிகளால் இறங்க இயலாமற்போனது. வானிலையைக் கருதித் துறைமுகத்தைத் தவிர்க்கும் அதிகாரமும் கப்பல் தலைவருக்கு உண்டு. ஆதலால் ஒரு குறிப்பிட்ட ஊரையோ கோயிலையோ மட்டும் மனத்தில் வைத்துப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன், மாற்றம், ரத்து, பணம் திரும்பப் பெறுதல் ஆகியவற்றின் விதிகளைப் படித்துக்கொள்வதும், மருத்துவச் செலவையும் அவசரமாகக் கரைசேர்க்கும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுப்பதும் அவசியம்.

பெட்டிகளை இரண்டு வகையாகப் பிரிப்பதே மிகப் பயனுள்ள உத்தி. பெரிய பெட்டிகள் முனையத்திலேயே அறை எண் பொறித்த அட்டை கட்டிப் பெறப்பட்டு, ஊடுகதிர்ச் சோதனைக்குப் பின் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். எனவே ஆவணங்கள், அன்றாட மருந்துகள், மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுடை, கைப்பேசிக்கான மின்னேற்றி ஆகியவை கைப்பையில் இருந்தாக வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்போர், பயண நாட்களைவிடச் சில நாட்களுக்கு அதிகமான மருந்தை, மருத்துவரின் சீட்டோடும் கடையில் தந்த அசல் உறையோடும் வைத்திருப்பது சுங்கச் சோதனையிலும் துணைசெய்யும். இன்சுலின் பயன்படுத்துவோர் குளிர்பதன வசதியைப் பதிவின்போதே கேட்டுறுதி செய்வது நலம். கருவுற்ற பெண்களை, பொதுவாக 24 வாரம் கடந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், மெழுகுவர்த்தி ஆகியவை கப்பலுக்குள் அனுமதிக்கப்படாதவை. நாள்தோறும் விளக்கேற்றி ஊதுவத்தி கொளுத்தும் மயிலாப்பூர்ப் பெரியவர்கள் அந்தச் சில நாட்களுக்கு அதை விட்டுவிடத்தான் வேண்டும். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. சென்னை–சிங்கப்பூர்த் தடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலரைப் பலிகொண்டதோடு அச்சேவையே முடிவுக்கு வந்தது. புளியோதரை முதலிய வீட்டுச் சமையலைக் கொண்டுசெல்வதையும் பெரும்பாலான கப்பல்கள் தடுப்பதால், வெங்காயம் பூண்டு சேராத உணவோ சைன உணவோ வேண்டுவோர் அதைப் பதிவுசெய்யும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

உடைகளைப் பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் புதிதாக வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. வழுக்காத அடிப்பகுதியுள்ள காலணியும், குளிரூட்டிய அரங்குகளுக்கும் தளத்துக் காற்றுக்கும் ஏற்ற ஒரு மெல்லிய மேலாடையும், இரவு விருந்துக்கு ஒரு நல்லுடையும் போதும். இலங்கைக்குச் செல்வோர் மட்டும் ஒரு வேட்டியை மறவாமல் வைத்துக்கொள்ள வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் உள்ள நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் களைந்தே உள்ளே செல்ல வேண்டும். திருகோணமலையில் ஞானசம்பந்தரின் தேவாரம் பெற்ற கோணேசுவரமும், காங்கேசன்துறையை அடுத்துக் கீரிமலையில் நகுலேசுவரமும் உள்ளன.

குமட்டலைத் தடுக்கும் மாத்திரையை அலை ஆட்டம் தொடங்கிய பின் உண்பதைவிட, முன்கூட்டியே உண்பதே பலன் தரும். எனினும் அது தூக்கத்தை வரவழைப்பதாலும், கண் நீரழுத்தம், புரோஸ்டேட் வீக்கம் உடையோருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதாலும், குடும்ப மருத்துவரைக் கேட்ட பின்னரே வாங்க வேண்டும்.

புறப்படும் நாளில் மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வருவோர்க்குக் காமராசர் சாலையின் நெரிசலைத் தவிர்க்க, திருமயிலை அல்லது கஸ்தூரிபா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குவதும், தியாகராய நகரிலிருந்து வருவோர்க்கு மாம்பலத்தில் மின்தொடர் வண்டி ஏறுவதும் வழியாகும். பெட்டிகள் கனமானால் வாடகைக் காரே உகந்தது. எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும் என்பதைச் சீட்டில் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறியவுடன் நடைபெறும் அவசரகாலப் பயிற்சி, பயணிகள் ஒவ்வொருவரும் கூட வேண்டிய இடத்தையும் உயிர்காப்பு அங்கி அணியும் முறையையும் காட்டுவது. 2012இல் இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்த பின், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அது நடந்தாக வேண்டும் என்று பன்னாட்டு விதி இறுக்கப்பட்டது. அதில் குடும்பத்தார் அனைவரும் பங்கேற்க வேண்டும்.

கரை மறைந்த சிறிது நேரத்தில் கைப்பேசி அலைவரிசையும் மறையும். அதன்பின் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பு தானாக இணைந்து கடுங்கட்டணம் விதிக்கக்கூடுமாதலால், கருவியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுவது சிக்கனம். இடைத் துறைமுகத்தில் தாமே வண்டி அமர்த்தி ஊர் சுற்றுவோர், திரும்ப வேண்டிய நேரத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவேனும் கப்பலடியை அடைய வேண்டும்; தாமதித்தோருக்காகக் கப்பல் நிற்பதில்லை, அடுத்த துறைமுகம் வரையிலான செலவும் அவர்களுடையதே.

கடல் தம் உடலுக்கு ஒத்துவருமா என்பதை முன்னதாக அறிய இயலாதவர்கள், குறிப்பாக முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர், முதல் முறை இரண்டு அல்லது மூன்று இரவுப் பயணத்தையே தேர்ந்துகொண்டு, அது இனிதாக அமைந்தால் அடுத்த ஆண்டு நெடும்பயணத்தை எண்ணுவதே தக்கது.