பழைய படங்களும் காலமான செய்திகளும்

(நம் சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி என்று பத்து நிமிஷம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் கணக்குப் பார்த்தவன். எந்தச் செலவுக்கு எந்த வவுச்சர் என்று தேடுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. அந்தப் புத்தியோடு நான் தேடிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பத்து நிமிஷத்தில் முடியாது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் மூன்று தலைமுறையாக இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே தாத்தாவின் வரவு செலவு நோட்டுகள், கரையான் பாதி தின்ற பஞ்சாங்கங்கள், நாற்பது ஐம்பது புகைப்படங்கள். தாத்தா கார்டன் ரீச்சில் பெங்கால் நாக்பூர் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் இந்த ஊருக்கு வந்த நம்மவர்களில் பலரைப் போல, கணக்கும் இங்கிலீஷும்தான் அவருக்கு மூலதனம்.

படங்களில் ஒன்று எனக்குப் பழக்கமானது. மொட்டை மாடியில் எடுத்த குடும்பப் படம். தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் இருக்கிறார். பக்கத்தில் மடிசாரில் பாட்டி, மடியில் கைக்குழந்தை. என் அப்பா அரை டிராயரோடு நிற்கிறார். இதே படம் ஃபிரேம் போட்டு எங்கள் ஹாலில் ஐம்பது வருஷம் தொங்கியது. ஆனால் பெட்டியிலிருந்த பிரதி இரண்டு விரற்கடை அகலம் கூடுதலாக இருந்தது. அந்த இரண்டு விரற்கடையில் மாடிப்படிக் கதவு தெரிகிறது. கதவோரத்தில் நார்மடிப் புடவையில், முக்காட்டோடு, ஒரு ஸ்திரீ பாதி முகம் தெரிய நிற்கிறாள். ஃபிரேமுக்கு அளவாக வெட்டும்போது அவளை வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

யார் என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் "சமையற்கார மாமியாக இருக்கும்" என்றார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நின்று, படத்துக்கு வருஷம் கண்டுபிடிக்கிற வழியைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, நெகடிவ் நம்பர், சில சமயம் விலாசம்கூட இருக்கும். ஆனால் நெகடிவ் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எஸ்பிளனேடில் இருந்த பூர்ன் அண்ட் ஷெப்பர்டே 1991-இல் தீப்பிடித்து, பழைய சேகரத்தில் பெரும்பகுதியை இழந்து, 2016-இல் மூடிவிட்டது. சின்ன ஸ்டூடியோக்களைக் கேட்க வேண்டாம். விலாசம் மட்டும் இருந்தால் தாக்கர்ஸ் டைரக்டரி உதவும். கல்கத்தாவில் எந்தத் தெருவில் எந்த எண்ணில் யார் இருந்தார் என்று வருஷாவருஷம் அச்சடித்தார்கள். குடுமியா கிராப்பா, ஒன்பது கஜமா ஆறு கஜமா என்பதெல்லாம் தோராயம்தான். நம்பகமான கடிகாரம் மடியில் இருக்கிற குழந்தை. எங்கள் படத்துக் கைக்குழந்தை 1932-இல் பிறந்த என் அத்தை. ஆகவே படம் 1932 கடைசி அல்லது 1933.

அந்த அத்தை தொண்ணூறைத் தாண்டி இன்றும் சென்னையில் சௌக்கியமாக இருக்கிறார். படத்தைப் பெரிதாக்கி அவரிடம் எடுத்துப்போனேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "சமையல் மாமி யாருடா சொன்னது? இவாதான் அத்தை. எங்கப்பாவோட சொந்த அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவாளே இவாதானே" என்றார். பேர் என்ன என்றேன். வெகு நேரம் யோசித்தார். "அத்தைன்னுதான் கூப்பிடுவோம். அப்பா அக்காம்பார். பேர் யாருக்குடா தெரியும்?"

பத்து வயதுக்குள் கல்யாணம், பெரியவளாகுமுன்னே புருஷன் போய்விட்டான். தம்பிக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்ததும் கூட வந்து, பதினைந்து வருஷம் இந்த ஊரில் அவன் குடும்பத்துக்குச் சமைத்துப்போட்டிருக்கிறாள். சாரதா சட்டம் 1930 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் இப்படி எத்தனையோ பேர். நம் வீடுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு அத்தைப்பாட்டி இருந்திருப்பாள் என்று சொன்னால் மிகையில்லை. சுபகாரியங்களுக்கு எதிரே வரக்கூடாது, படத்துக்கு நிற்கக்கூடாது. அதனால்தான் கதவோரம்.

நம் வாத்தியாரிடம் சொன்னேன். மஹாளயத்திலும் கயையிலும் காருண்ய பித்ருக்கள் என்று அத்தை, மாமா, சிநேகிதர்கள் வரை கொடுக்கிறோமே, அவளுக்கும் கொடுக்கலாமா என்றேன். "தாராளமா. பேரும் கோத்திரமும் சொல்லுங்கோ" என்றார். அவளுடைய கோத்திரம் என்றால் எங்களுடையது இல்லை, புகுந்த வீட்டுக் கோத்திரம். இரண்டும் தெரியாது என்றேன். "தெரியாட்டா காச்யப கோத்திரம்னு சொல்லிடலாம், சாஸ்திரத்துல இடம் இருக்கு" என்றார். இருக்கலாம். பதினைந்து வருஷம் நம் வீட்டில் சாதம் வடித்தவளை, ஊர் பேர் தெரியாதவர்களுக்கான விதியில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கே தேடுவது? கல்யாணப் பத்திரிகைகளை நாம் அறுபது வருஷம் பத்திரப்படுத்துவோம். காலமான செய்தி வந்த கார்டைப் படித்தவுடன் கிழித்துப்போட்டுவிட்டு ஸ்நானம் செய்வோம். சுபஸ்வீகாரப் பத்திரிகையையும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம். ஆகவே பிறப்பும் கல்யாணமும் வீட்டில் கிடைக்கும். சாவை வெளியில்தான் தேட வேண்டும். யாராவது உறவினர் தப்பித்தவறி அப்படி ஒரு பத்திரிகையை வைத்திருந்தால் விடாதீர்கள். தசாஹம் என்றைக்கு என்று போட்டிருக்கும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் காலமான நாள் வந்துவிடும்.

பேப்பரில் வரும் செய்திகளுக்கு வேறு சிக்கல். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். இனிஷியலும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், 1930-இல் போனவர் யார், 1955-இல் போனவர் யார் என்று குழம்பும். வயதையும் நம்பக்கூடாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் எழுதிய பிறந்த தேதிதான் ரிடையர்மெண்ட் வரைக்கும் வந்து, கடைசியில் பேப்பரிலும் ஏறுகிறது. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். மாமியார் பெயரே மருமகளுக்கும் இருந்தால் அந்தப் பெயரில் கூப்பிட முடியாது, வேறு பெயர் வைத்துவிடுவார்கள். அப்புறம் அம்மாளு, குஞ்சு, செல்லம் என்று கூப்பிடும் பெயர்கள். பேப்பரிலோ இன்னாரின் பாரியாள், இன்னாரின் தாயார். அத்தைப்பாட்டி மாதிரி யாருக்கும் தாயாராக இல்லாதவர்களுக்கு அந்த இரண்டு வரிகூட வராது.

கடைசியில் உதவியது தாத்தாவின் நோட்டுப் புத்தகங்கள். தினமும் இரவு அன்றைய செலவை எழுதியிருக்கிறார். கத்தரிக்காய் விலையிலிருந்து எல்லாம் இருக்கிறது. இரண்டு மாதம் வரி வரியாகப் படித்தேன். என் மனைவி கேலி செய்தாள். "அக்காவுக்கு நார்மடி", "அக்காவுக்குக் கஷாய மருந்து" என்று அங்கங்கே வருகிறது. எங்கேயும் பெயர் இல்லை. 1942 டிசம்பர் கடைசியில், ஜப்பான்காரன் இந்த ஊரில் குண்டு போட்ட அந்த வாரத்தில், ஹவுராவில் ஊருக்கு டிக்கெட் வாங்கிய கணக்கு இருக்கிறது. குழந்தைகளோடு அவளையும் அனுப்பியிருக்கிறார். குழந்தைகள் திரும்பி வந்தார்கள். 1944 ஜனவரியில் ஒரு தந்திச் செலவு, ரயில் செலவு, அப்புறம் "அக்கா காரியம்" என்று பத்துப் பன்னிரண்டு நாளுக்கு வரிசையாக எழுத்து. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் எஃபெமெரிஸ் இருக்கிறதே, கி.பி. 700 முதல் 2000 வரை திதி கணித்த பெரும் நூல், அதைப் பார்த்தேன். சுபானு வருஷம், தை மாதம், கிருஷ்ண பக்ஷ தசமி. திதி கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் வருஷாவருஷம் தை மாதத்தில் "அக்கா திதி" என்று ஒரு செலவு வருகிறது. 1961-இல் தாத்தா போனார். அதோடு அதுவும் நின்றுவிட்டது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு வரி 1934-இல். "அக்கா மாமனார் காலம். கும்பகோணம். தந்தி." இதைப் பிடித்துக்கொண்டேன். புகுந்த வீடு வக்கீல் குடும்பம் என்று அத்தை சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு வக்கீல் போனால் கோர்ட்டில் அனுதாபம் தெரிவித்துச் சக வக்கீல்கள் பேசுவார்கள், அது மொஃபஸில் செய்தியாகப் பேப்பரில் வரும். சென்னையில் ஒரு நூலகத்தில் மைக்ரோஃபிலிம் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தேன். கண் பூத்துப்போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் பதினோரு வரிச் செய்தி ஒன்று கிடைத்தது. வக்கீலின் பெயர், வயது, மூன்று பிள்ளைகளின் உத்தியோகம். இருபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மூத்த பிள்ளையைப் பற்றியோ, அவன் விட்டுப்போன பெண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் இருக்கிறவர்களின் பெயர் இருந்தது. அது போதும். ஒரு பிள்ளைக்குப் பம்பாயில் உத்தியோகம் என்று போட்டிருந்தார்கள். மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த இரண்டு பேரை விசாரிக்கச் சொன்னேன். நாலு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. அந்தப் பிள்ளையின் பேரன். எண்பதை நெருங்கியவர். "எங்க பெரிய தாத்தா சின்ன வயசுல போயிட்டார்னு கேள்விப்பட்டிருக்கேன். படம் ஒண்ணு இருக்கு. அனுப்பறேன்" என்றார்.

படம் வந்தது. பதினைந்து வயசுப் பையன், கோட்டும் தொப்பியும், கையில் ஒரு புஸ்தகம். பின்பக்கத்தில் மசி மங்கிய எழுத்து. சௌமிய வருஷம் வைகாசியில் விவாகம், அதாவது 1909. கீழே அவன் பெயர், பக்கத்தில் அவள் பெயர். கோத்திரத்தை அவரே போனில் சொன்னார். கௌண்டின்யம். தம்பிக்காரர் அண்ணா படத்தை அத்தனை வருஷம் தன் பெட்டியில் வைத்திருந்தாராம்.

யாரோ ஒருவர் பெட்டியில் வைத்திருந்ததால்தான் பெரியவர்களின் முகமே நமக்குத் தெரிகிறது. பௌபஜாரில் 210-ஆம் எண் கட்டடத்தில் ஆராய்ச்சி செய்த சர் சி.வி. ராமனை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. அவருடைய அண்ணா பிள்ளை எஸ். சந்திரசேகர் 1936-இல் கேம்பிரிட்ஜிலிருந்து இந்தியா வந்தபோது, கணித மேதை ராமானுஜத்தின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று புரொபஸர் ஹார்டி சொல்லி அனுப்பினார். ராமானுஜம் காலமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. சந்திரசேகர் சென்னையில் ஜானகி அம்மாளைத் தேடிப்போனார். அவரிடம் கணவரின் பழைய பாஸ்போர்ட் படம் இருந்தது. 1940-இல் ஹார்டியின் புத்தகத்தில் வந்ததும், உலகமெங்கும் நாம் பார்க்கிறதும் அந்தப் படம்தான். பிற்பாடு பால் கிரான்லண்ட் என்ற அமெரிக்கச் சிற்பி செய்த வெண்கலச் சிலைக்கும் அதுவே ஆதாரம். இருபது வயது தாண்டிக் கொஞ்ச நாளில் கைம்பெண்ணாகி, தையல் கற்றுக்கொண்டு தன் காலில் நின்றவர் ஜானகி அம்மாள். 1994 வரை இருந்தார். மேதையைப் பற்றி எழுதிய இரங்கல் குறிப்புகள் பல. படத்தைக் காப்பாற்றியது அந்த அம்மாள்.

சில காரியங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பசை ஒட்டிய பிளாஸ்டிக் ஆல்பம் எண்பதுகளில் எல்லோரும் வாங்கினோம். அதிலிருந்து படங்களை ஜாக்கிரதையாக எடுத்துவிடுங்கள், பசை படத்தைத் தின்றுவிடும். கொல்கத்தா மழைக்காலம் பூஞ்சைக்கு ரொம்பப் பிடித்தது. பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம். "மாமி", "பாட்டி" என்று எழுதாதீர்கள். முழுப் பெயர் எழுதுங்கள். யாருக்கு மாமி என்பது முப்பது வருஷத்தில் மறந்துபோகும். மொபைலில் ஆயிரம் படம் வைத்திருக்கிறோம், ஒன்றுக்குக்கூடப் பின்பக்கம் இல்லை. எல்லாவற்றையும்விட, வீட்டில் தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள்.

போன வருஷம் ஹவுராவில் ராத்திரி வண்டி ஏறி நானும் மனைவியும் கயைக்குப் போனோம். அக்ஷயவடத்தில் அறுபத்துநாலு பிண்டம் வைக்கும்போது காருண்யத்துக்கு வந்தார்கள். வாத்தியார் பேர் கேட்டார், சொன்னேன். கோத்திரம் கேட்டார், சொன்னேன். பாதி நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்த பேருக்குப் போய்விட்டார். ஊர் திரும்பியதும் பெட்டியிலிருந்த பிரதியை வெட்டாமல் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினோம். அத்தைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பெயரைச் சொன்னபோது, "அப்படியா, நன்னா இருக்கே" என்றார்.

பெட்டியில் இன்னும் பதினேழு படங்கள் ஆள் தெரியாமல் இருக்கின்றன. ஒன்றில் பின்னால் டிராம் ஓடுகிறது, இரண்டு குடும்பம் சேர்ந்து நிற்கிறது. ஒரு குடும்பம் எங்களுடையது. இன்னொன்று இந்தச் சபையில் இருக்கிற யாருடையதாவது இருக்கலாம். வாசல் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறேன். காபி சாப்பிடப் போகும்போது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.