வழிகாட்டுவது கனவே!

நடுவர் அவர்களே! “கனவு கண்டா சட்டம் வந்துடுமா?”ன்னு கேட்டுட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

அய்யா, நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல தாமல். திட்டம் தீட்டணும்னா புள்ளிவிவரம் போதும்கிறாங்க எதிரணியில. சரி, எங்க வீட்டுப் புள்ளிவிவரத்தைக் கேளுங்க. அப்பா தறியில உட்காருவார். அம்மா விடியறதுக்கு முன்னால எழுந்து ராட்டினத்துல தார் சுத்துவாங்க. தார் இல்லேன்னா நாடா ஓடாது. நாடா ஓடலேன்னா சேலை ஏது? கூலி நோட்டுல யார் பேரு? அப்பா பேரு! கணக்கெடுக்க வந்தவர், “வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?”ன்னார். அப்பா சொன்னார், “சும்மாதான் இருக்கா.” (சிரிப்பு) சிரிக்காதீங்கய்யா. அந்தச் ‘சும்மா’தான் புள்ளிவிவரமாப் போச்சு! (கைதட்டல்)

கணக்குலேயே இல்லாதவளுக்கு எந்தத் திட்டம் வரும்? அதனாலதான், அவள் கனவை முதல்ல கேளுங்கன்னு நான் சொல்றேன்.

1905-ல ரொக்கேயான்னு ஒரு வங்காளத்துப் பெண்மணி ‘சுல்தானாவின் கனவு’ன்னு ஒரு கதை எழுதினாங்க. அது வந்தது நம்ம சென்னைப் பத்திரிகையில, ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ல! பெண்கள் ஆளுற நாடு. சூரிய வெப்பத்துல சமையல். அடுப்படியில புகையே இல்லை. ஆம்பளைங்க? வீட்டுக்குள்ள! (சிரிப்பு) ஆபீஸ் வேலை ரெண்டே மணி நேரத்துல முடிஞ்சுடுமாம். ஏன்னா, சுருட்டுப் பிடிச்சுப் பொழுதைப் போக்க அங்கே ஆளில்லை! (பலத்த சிரிப்பு)

“இது கதைதானே?”ம்பாங்க. சரி, சட்டத்துக்கு வர்றேன். 1929 பிப்ரவரி, செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு. எங்க காஞ்சிபுரமும் அப்போ செங்கல்பட்டு மாவட்டம்தான். பெண்ணுக்கும் சொத்துல சம உரிமைன்னு தீர்மானம் போட்டாங்க. அன்னிக்கு அது கனவு. 1989-ல பூர்வீகச் சொத்துல மகளுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம்! 2005-ல மத்திய சட்டம்! (கைதட்டல்) இடையில அறுபது வருஷம் போச்சே, அதுல எத்தனை மகள்கள் வெறுங்கையோட போனாங்க?

2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்துலேயே தொடங்கின திட்டம், தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாசம் 1,000 ரூபாய். பேரைக் கவனிங்க. உதவித் தொகை இல்லை, உரிமைத் தொகை! ‘சும்மா’ இல்லேன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி.

ஆனா கூலி நோட்டு இன்னும் மாறணுமே! அடுத்த திட்டம் எழுதறதுக்கு முன்னால, தார் சுத்துற பெண்ணைக் கூப்பிட்டு, “இருபது வருஷம் கழிச்சு உன் தறிவீடு எப்படி இருக்கணும்? வரைஞ்சு காட்டு”ன்னு கேளுங்க. முதுகு வலிக்காத ராட்டினம் வரைவா. கூலி நோட்டுல ரெண்டு பேர் எழுதுவா. அதுக்கப்புறம் நீங்க கணக்குப் போடுங்க.

எவ்வளவு ஆகும்னு கணக்கு சொல்லும். எதுக்காகன்னு கனவுதான் சொல்லும்! (கைதட்டல்)