பொட்டாசியம் ஏறிவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

டயாலிசிஸ் என்றதும் மெஷினும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்தான் நம் நினைவுக்கு வரும். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் இருக்கிறது. இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, நாலைந்து மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு, அடுத்த பையை ஏற்றுவார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு பை.

அந்தத் திரவத்தில் சோடியம் உண்டு, கால்சியம் உண்டு, சர்க்கரையும் உண்டு. பொட்டாசியம் மட்டும் கிடையாது. அதனால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் அதில் இறங்கி, பையோடு வெளியே போய்விடுகிறது. இது தினமும் நடப்பதால், இவர்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைந்துபோவதுதான் தொல்லை. சிலரிடம் வாழைப்பழம் சாப்பிடும்படி டாக்டரே சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு, 3.5 முதல் 5 வரை இருக்கவேண்டிய அளவு 6 என்று ரிப்போர்ட் வந்தால்? வீட்டில் சமைப்பவர்மேல்தான் பழி விழும். "கீரையை நான் கண்ணிலேயே காட்டலையே டாக்டர்" என்று மனைவி கலங்குவார். சாப்பாட்டை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் பையை விசாரிக்க வேண்டும் என்பேன்.

ஒரு பையில் வடியும் பொட்டாசியம் சுமார் 300 மில்லிகிராம். கல்யாணத்துக்குப் போனோம், பஸ் தாமதம் என்று மதியப் பையை விட்டுவிட்டால் அவ்வளவும் உடம்பிலேயே தங்கும். போன இடத்தில் வெயிலுக்கு இதமாக ஒரு இளநீர் குடித்திருப்பார். 250 மில்லி இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாம். விட்ட பையை ராத்திரியே போட்டாலும் கணக்கு நேராகாது.

அடுத்தது, நம்மவர்கள் கூச்சப்பட்டு டாக்டரிடம் சொல்லாத சங்கதி: மலச்சிக்கல். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு பொட்டாசியம் மலத்தோடு போகிறது. சிறுநீரகம் ஓய்ந்தவர்களுக்குப் பெருங்குடல் இந்த வேலையைக் கூடுதலாக இழுத்துப்போட்டுக்கொள்கிறது. மூன்று நாள் வயிறு போகாவிட்டால் அந்த வழி அடைபட்டது. போதாக்குறைக்கு, நிறைந்த குடல் குழாயை நெருக்கி, திரவம் வடிவதையும் கெடுக்கும். ஆகவே வெட்கப்படாமல் சொல்லுங்கள். மலமிளக்கி எழுதித் தருவார்கள்.

சமையலறையில் கீரைக்கட்டைவிட உப்புப் பாக்கெட்டை நான் அதிகம் சந்தேகிப்பேன். பி.பி.க்கு நல்லதென்று மகன் வாங்கி வந்த சோடியம் குறைந்த உப்பு. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கும். ஊரில் மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம், இவருக்கு ஆகாது. உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குழம்பில் சேர்த்துவிட்டால் பயனில்லை.

மாத்திரைகளிலும் சில உண்டு. டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை பொட்டாசியத்தை ஏற்றலாம். இவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, மிச்சமிருக்கும் கொஞ்சம் சிறுநீரையும் குறைத்துவிடும். சர்க்கரை நோயாளி இன்சுலினைத் தவறவிட்டாலும் செல்களுக்குள் இருந்த பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்துவிடும்.

ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டினாலோ, எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ அளவு பொய்யாக ஏறிக் காட்டுவதுண்டு. அதைத் தீர்மானிப்பது ஆஸ்பத்திரி வேலை. கால் தளர்ச்சி, படபடப்பு எதுவும் இல்லாமலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆகவே 6 என்று கண்டால் அன்றைக்கே போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போடுவார்கள். பொட்டாசியத்தைச் செல்களுக்குள் அனுப்ப இன்சுலினும் குளுக்கோஸும் கொடுப்பார்கள். கிளம்பும்போது பை மாற்றிய நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.